கரைப் பறவையும் காமிராவும்

துப்பாக்கி ஏந்திய கை காமிராவை ஏந்தத் தொடங்கியது மனித நாகரிகம் கண்ட நல்ல மாறுதல்களுள் ஒன்று. முற்காலத்தில் நீர்நிலையின் ஓரத்தில் ஒருவன் பதுங்கிக் கிடந்தான் என்றால், அவன் பறவையைக் கொல்வதற்காகவே கிடந்தான் என்பது பெரும்பாலும் பொருந்தும். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்நாட்டிலிருந்த ஆங்கிலப் படையினர் உள்ளான் வேட்டையைப் பெரும் பொழுதுபோக்காகக் கொண்டிருந்தனர். உள்ளான் உருவிற் சிறியது; வளைந்து வளைந்து விரைந்து பறப்பது. அதனைச் சுட்டு வீழ்த்துதல் அரிய திறமை எனக் கருதப்பட்டது. 'ஸ்னைப்' என்பது அவர்கள் மொழியில் அப்பறவையின் பெயர். மறைந்திருந்து குறி தவறாமற் சுடும் வீரனை இன்றும் உலகம் 'ஸ்னைப்பர்' என்று அழைக்கின்றதே, அச்சொல் அந்த உள்ளான் வேட்டையிலிருந்து பிறந்ததாகும்.

இன்று அதே நீரோரத்தில், அதே போலப் பதுங்கிக் கிடப்பவர் கையில் காமிரா இருக்கிறது. பறவை தன் வழியே பறந்து செல்கிறது. அதன் உருவம் மட்டும் நம்மிடம் தங்குகிறது. உயிரைக் கவராமல் உருவத்தை மட்டும் கவரும் இக்கலையைப் போற்றாதார் யார்?

ஆயினும், காமிரா எப்போதும் தீங்கற்ற கருவி என்று எண்ணி மயங்குதல் கூடாது. அதனை ஏந்தியவர் பொறுமையற்றவராயின் அதனால் இரண்டு கேடுகள் விளையும். பறவையை விரட்டிச் சென்று படம் எடுத்தல் ஒன்று; எடுத்த படத்தைக் கணினியில் இட்டு, இல்லாததை இருப்பதாகக் காட்டுதல் மற்றொன்று. முன்னது உயிருக்குச் செய்யும் தீங்கு; பின்னது உண்மைக்குச் செய்யும் தீங்கு. இவை இரண்டும் வெவ்வேறாகத் தோன்றினும் இவற்றின் வேர் ஒன்றே. காத்திருக்க மாட்டாத உள்ளமே அந்த வேர்.

கரைப் பறவைகள் எத்தகையன என்பதை முதலில் அறிதல் வேண்டும். கடலோரச் சேற்றிலும் மணலிலும் உப்பளங்களிலும் ஆற்று முகங்களிலும் நடந்து இரை தேடும் பறவைகளையே அப்பெயரால் குறிக்கிறோம். உள்ளான், உப்புக்கொத்தி, கோட்டான், மூக்கன், பவளக்காலி, பச்சைக்காலி எனப் பல இனங்கள் அவற்றுள் உண்டு. அவற்றைக் காண விரும்புவோர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேதாரண்யத்திற்குத் தெற்கேயுள்ள கோடியக்கரைக்குச் செல்வர். 1967ஆம் ஆண்டில் அவ்விடம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டில் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் நெடுங்காலமாக அங்கே பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டுப் பறக்கவிட்டு ஆராய்ந்து வருகின்றனர்.

அங்கே மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் காணப்படும் கரைப் பறவைகளுள் மிகச் சிறியவற்றுள் ஒன்று கொசு உள்ளான். அதன் எடை பெரும்பாலும் 20 முதல் 30 கிராம் வரையே இருக்கும். ஒரு மனிதனின் உள்ளங்கையில் இரண்டு பறவைகள் அமரலாம். அத்துணைச் சிறிய உயிர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? வடதுருவத்தை அடுத்த, மரமும் வளராத பனிநிலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, அங்கே குளிர் மிகும்முன் புறப்பட்டு, மலைகளையும் பாலைகளையும் கடந்து நம் கரைக்கு வருகிறது. பங்குனி, சித்திரையில் மீண்டும் வடக்கே செல்கிறது.

கரைப் பறவைகளின் ஆற்றலுக்கு மற்றொரு சான்று காட்டலாம். 2022ஆம் ஆண்டில், பிறந்து சில மாதங்களே ஆன பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து புறப்பட்டு, இடையில் எங்கும் இறங்காமல், 11 நாட்கள் இரவு பகலாகப் பறந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவை அடைந்தது. அது கடந்த தொலைவு 13,560 கிலோமீட்டர். அதன் உடலிற் பொருத்தப்பட்டிருந்த சிறு கருவி செயற்கைக்கோள் வாயிலாக இதனை அறிவித்தது. இத்தகைய நெடும்பயணத்திற்கு அப்பறவை வழியில் உண்பதும் இல்லை. நீரில் இறங்கி ஓய்வதும் இல்லை. புறப்படுமுன் உடலிற் சேர்த்து வைத்த கொழுப்பே அதற்கு வழியுணவு.

இவ்வுண்மையை உணர்ந்தவர்க்கு, சேற்றில் இரை தேடும் பறவையின் ஒவ்வொரு நாழிகையும் எத்துணை விலைமதிப்புடையது என்பது விளங்கும். அது விளையாடிக் கொண்டிருக்கவில்லை. பயணத்திற்குப் பொருள் சேர்த்துக் கொண்டிருக்கிறது. படம் எடுப்பவர் ஒருவர் அதனை நோக்கி நடக்கிறார். பறவை எழுந்து நூறு அடி தள்ளி அமர்கிறது. அவர் மீண்டும் நடக்கிறார். அது மீண்டும் எழுகிறது. இவ்வாறு ஐந்தாறு முறை நிகழ்ந்தால், உண்ண வேண்டிய நேரமும் போயிற்று. உண்டு சேர்த்த கொழுப்பும் எரிந்து போயிற்று. ஒருவர் செய்தால் இழப்புச் சிறிது. விடுமுறை நாளில் இருபது பேர் செய்தால்? 'நான் ஒரு கல்லும் எறியவில்லையே, வெறும் படந்தானே எடுத்தேன்' என்று கூறுதல் அந்நிலையில் ஏற்கத்தக்க விடையாகாது.

கூடு கட்டும் காலத்தில் இத்தீங்கு இன்னும் பெரிதாகும். உப்புக்கொத்தி இனத்துள் சில நம் கரைகளிலேயே முட்டையிடுவன. அவற்றின் கூடு மரத்தில் இல்லை. வெட்ட வெளியில் மணலில் அமைந்த சிறு குழியே கூடு. மணல் நிறமும் கரும்புள்ளிகளும் உடைய முட்டைகள் எளிதிற் கண்ணுக்குப் புலப்படா. பகைவர் நெருங்கினால் தாய்ப்பறவை சிறகொடிந்தது போல் நடித்து, தரையில் தத்தித் தத்தி அவரைத் தொலைவிற்கு இட்டுச் செல்லும். உச்சிவெயிலில் அது முட்டையின் மேல் அமர்வது சூடேற்றுவதற்காக அன்று, நிழல் தருவதற்காக. வயிற்று இறகுகளை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விப்பதும் உண்டு. அத்தகைய தாயை விரட்டிவிட்டு, கூட்டருகே அமர்ந்து ஒருவர் காமிராவைச் சரிசெய்து கொண்டிருப்பாராயின், அந்நேரத்தில் முட்டைகள் வெயிலில் வெந்து போதல் கூடும். தாய் நடிப்பதைக் கண்டு, 'என்ன அழகிய காட்சி!' என்று படம் எடுத்துக் கொள்வார். அது காட்சியன்று; கதறல்.

அங்ஙனமாயின், கரைப் பறவைகளை அருகிலிருந்து படம் எடுத்தலே தகாதோ எனின், அவ்வாறு கூறுவது என் கருத்தன்று. அருகிலிருந்து எடுக்கலாம்; எடுக்கவும் வேண்டும். ஆனால் அருகாமை என்பது நாம் பறவையிடம் சென்று பறித்துக்கொள்ளும் பொருளன்று. பறவை நம்மிடம் வந்து அளிக்கும் கொடை. இதனை உணர்ந்தவரே இக்கலையில் தேர்ந்தவர்.

இங்கிலாந்தில் ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் உடன்பிறந்தார் இருவர் இருந்தனர். 1890ஆம் ஆண்டுகளில், தூக்குவதற்கே பெருஞ்சுமையான காமிராக்களைச் சுமந்துகொண்டு அவர்கள் பறவைகளைத் தேடி அலைந்தனர். மனிதனைக் கண்டால் பறக்கும் பறவை மாட்டைக் கண்டு பறப்பதில்லை என்பதை உணர்ந்து, பாடம் செய்த எருது ஒன்றை உள்ளே குடைந்து, அதன் வயிற்றுக்குள் காமிராவோடு புகுந்து நின்றனர். கேட்பார்க்கு இது நகைப்பை விளைக்கலாம். ஆயினும் அதன்கண் ஓர் உயர்ந்த பாடம் உண்டு. பறவையின் இயல்பு வாழ்க்கை குலையாதிருக்க, மனிதன் தன் வசதியைக் குறைத்துக்கொண்டான் என்பதே அப்பாடம்.

இன்று எருதின் வயிற்றுக்குள் புக வேண்டுவதில்லை. 500, 600 மில்லிமீட்டர் லென்ஸ்கள் தொலைவிலுள்ள பறவையை அண்மையிற் கொணர்ந்து காட்டுகின்றன. எனினும் பழைய பாடம் பழுதுபடவில்லை. நின்று நடக்கும் மனித உருவைக் கண்டே பறவை அஞ்சுகிறது. விடியுமுன் சென்று, கதிரவன் முதுகுக்குப் பின்னே இருக்குமாறு இடம் தேர்ந்து, ஈரமணலில் குப்புறப் படுத்து அசைவின்றி இருப்பவரை அது நாளடைவில் ஒரு மரக்கட்டையாகவே கருதுகிறது. ஓதம் மிகுதியாக ஏறும் கரைகளில் நீர் ஏற ஏறப் பறவைகள் உண்டுகொண்டே கரை நோக்கி வரும். முன்னரே வந்து படுத்திருப்பவர் முன்னிலையில் அவை இருபது அடி தொலைவிலும் நடமாடும். ஓதம் முழுதும் ஏறியபின் அவை ஒருங்கு கூடி ஓய்வெடுக்கும் திட்டுகளை மட்டும் எக்காரணத்தாலும் அணுகலாகாது.

இவ்வாறு படுத்திருந்து எடுப்பதனால் படத்திற்கும் நலம் உண்டு. நின்று எடுத்த படத்தில் பறவை தரையோடு ஒட்டிய புள்ளியாகத் தோன்றும். அதன் பின்னே சேறும் குப்பையும் தெரியும். தாழ இருந்து எடுத்த படத்திலோ பறவையின் கண் நம் கண்ணுக்கு நேராக அமையும். பின்னேயுள்ள நீர்ப்பரப்பு மங்கிய நீலத்திரையாக விரியும். விரட்டப்பட்ட பறவையின் படத்தில் பெரும்பாலும் முதுகும் வாலுமே தெரியும். நம்பிக்கையோடு வந்த பறவையின் படத்தில் அதன் வாழ்க்கை தெரியும். புழுவை இழுக்கும் அலகு, ஒற்றைக் காலில் உறங்கும் அமைதி, இறகு கோதும் நேர்த்தி ஆகியவை பொறுத்திருந்தவர்க்கே புலப்படுவன. ஆதலின் அறமும் கலையும் இவ்விடத்தில் ஒரே வழியிற் செல்கின்றன எனலாம்.

இனி, எடுத்த படத்தைத் திருத்துவது பற்றி ஆராய்வோம். இதில் இருவேறு கட்சியினர் உளர். 'காமிரா தந்ததே உண்மை. அதில் விரல் வைத்தலும் பொய்' என்பர் ஒரு சாரார். 'படம் என்பது கலை. கலைஞன் தன் விருப்பம் போல் எதனையும் செய்யலாம்' என்பர் மற்றொரு சாரார். இருவர் கூற்றும் பொருந்துவனவாக எனக்குத் தோன்றவில்லை.

முதற் கட்சியினர் காமிராவை அளவுக்கு மீறி நம்புகின்றனர். வெண்மணலில் நிற்கும் வெண்ணிறப் பறவையை நம் கண் எளிதிற் பிரித்தறிகிறது. மார்பிலுள்ள மெல்லிய நிழற்கோடுகளும் தெரிகின்றன. காமிராவோ சில வேளைகளில் அதனை வெறும் வெண்திட்டாகப் பதிகிறது. சில வேளைகளில் ஒளியை அஞ்சிச் சாம்பல் நிறமாக்குகிறது. அதிகாலை ஒளியின் பொன்னிறத்தை நீலமாகவும் பதிந்துவிடும். அவ்வாறாயின் காமிரா தந்ததுதான் பொய். திருத்தியதே மெய்க்கு அண்மையது. அன்றியும், திருத்தம் என்பது கணினியோடு பிறந்த பழக்கமும் அன்று. பிலிம் காலத்திலேயே இருட்டறையில் படத்தின் ஒரு பகுதிக்கு ஒளியைக் கூட்டியும் ஒரு பகுதிக்குக் குறைத்தும் அச்சிட்டனர். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் இளமையில் பியானோ பயின்றவர். பிலிமை இசைக்குறிப்பிற்கும், அதிலிருந்து அச்சிடும் படத்தை அக்குறிப்பை இசைத்துக் காட்டுவதற்கும் அவர் ஒப்பிட்டார்.

நம் நாட்டுச் சான்று ஒன்றும் காண்போம். தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) இயற்கையறிஞராகவும் காட்டுயிர்ப் புகைப்படக் கலைஞராகவும் புகழ் பெற்றவர்; 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். அவர் படங்கள் கறுப்பு வெள்ளையில் அமைந்தவை. உலகில் யானையும் காடும் கறுப்பு வெள்ளையாகவா இருக்கின்றன? இல்லை. ஆயினும் அவர் படங்களைப் பொய் என்று எவரும் கூறியதில்லை. ஏன்? அவை யாரையும் ஏமாற்றவில்லை. நிறம் நீங்கியிருப்பதைக் காண்போர் அறிவர்; நீங்காதிருக்கும் உருவமும் நிகழ்ச்சியும் உண்மை என்பதையும் அறிவர். இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. படம் கண்ணிற் கண்டதிலிருந்து சிறிது மாறுபடுதல் குற்றமன்று. காண்பவரைப் பொய்யை மெய்யென நம்பச் செய்தலே குற்றம்.

இவ்வளவுகோல் கொண்டு இரண்டாம் கட்சியினரை அளந்து பார்ப்போம். பவளக்காலி என்னும் பெயர் அப்பறவையின் சிவந்த காலால் வந்தது. பச்சைக்காலி என்னும் பெயர் பசுமை கலந்த காலால் வந்தது. நம் முன்னோர் நிறத்தைக் கண்டே பெயர் இட்டனர். கணினியில் நிறத்தை மிகுத்துக் கொண்டே செல்பவர் பறவையின் பெயரையே மாற்றுபவர் ஆவார். வளைந்த அலகுடைய உள்ளான் ஒன்று பனிக்காலத்தில் சாம்பல் நிறமாயிருந்து, வடக்கே புறப்படும் பங்குனி, சித்திரையில் செங்கல் நிறம் பெறத் தொடங்கும். அதன் சாம்பல் இறகில் ஒருவர் அழகு கருதிச் செந்நிறத்தை ஏற்றினால், அவர் நிறத்தை மட்டுமா மாற்றினார்? பருவத்தையே மாற்றிவிட்டார்.

இதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. வளையமிடப்பட்ட பறவைகளின் காலில் வளையமும், சிறு நிறக்கொடியும், அவற்றில் எழுத்தும் எண்ணும் காணப்படும். தெளிவான படம் ஒன்றிலிருந்து அவற்றைப் படித்து, அப்பறவை எந்நாட்டில் எந்நாளில் வளையமிடப்பட்டது என்பதை அறிஞர் கண்டுபிடிப்பர். பறவையைப் பிடிக்காமலே அதன் பயண வரலாறு வெளிப்படும். 'இயற்கை அழகைக் கெடுக்கிறது' என்று அவ்வளையத்தைப் படத்திலிருந்து அழித்துவிடுபவர், கண்டங்களைக் கடந்து வந்த கடிதத்தைப் பிரித்துப் பாராமலே கிழித்தெறிபவர் ஆவார்.

புகழ் பெற்றவரும் இதில் தவறியதுண்டு. 1982ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'நேஷனல் ஜியாகிரபிக்' இதழ், எகிப்து நாட்டுப் பிரமிடுகளின் அகன்ற படத்தைத் தன் நெடிய அட்டையில் அடக்குவதற்காகப் பிரமிடுகளை ஒன்றோடொன்று நெருக்கிக் காட்டியது. உலகெங்கும் கண்டனம் எழுந்தது. லண்டனில் ஆண்டுதோறும் நடைபெறும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில், 2009ஆம் ஆண்டில் வேலியைத் தாண்டிப் பாயும் ஓநாயின் படம் முதற்பரிசு பெற்றது. அது பெரும்பாலும் பழக்கிய ஓநாயாகவே இருத்தல் வேண்டும் என்று நடுவர்கள் பின்னர் முடிவு செய்தனர். எடுத்தவர் அதனை மறுத்தார். எனினும் 2010இல் பரிசு நீக்கப்பட்டது. அப்படத்தில் கணினித் திருத்தம் பற்றிய குற்றச்சாட்டு இல்லை. காட்டு விலங்கு என்ற சொல்லே கேள்விக்குள்ளாயிற்று. உண்மையின்மை எவ்வழியில் நுழைந்தாலும் அழகு அதனை மறைக்கமாட்டாது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இந்நாளில் இவ்வினா முன்னினும் கூர்மை பெற்றுள்ளது. செயற்கை நுண்ணறிவு என்னும் புதிய திறன், சொன்ன மாத்திரத்தில் பறக்காத பறவையைப் பறக்கச் செய்கிறது. அலகில் இல்லாத மீனை வைக்கிறது. மங்கிய படத்தைத் தெளிவாக்கும் கருவிகளிற் சில, இறகின் கோடுகளைத் தாமாகவே ஊகித்து வரைந்தும் விடுகின்றன. அக்கோடு பறவையினுடையதா, கருவியினுடையதா என்பதைக் காண்பவர் அறியார். இதனாலேயே போட்டி நடத்துவோர் பலர், திருத்திய படத்தோடு காமிராவில் முதலிற் பதிந்த கோப்பையும் காட்டுமாறு கேட்கின்றனர்.

எனவே, திருத்துவோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் மூன்று. நான் செய்யும் திருத்தம் அங்கிருந்ததைத் தெளிவாக்குகிறதா, இல்லாததைச் சேர்க்கிறதா? இருந்த ஒன்றைக் காண்பவர் அறியாதபடி மறைக்கிறதா? நான் செய்ததை மறைக்காமல் எல்லார் முன்னும் எடுத்துக் கூற என்னால் இயலுமா? ஒளியைச் சரிசெய்தல், வேண்டாத ஓரத்தை வெட்டுதல், நிறத்தை இயல்புக்குக் கொணர்தல், படத்தில் விழுந்த தூசுப்புள்ளியை நீக்குதல் ஆகியவை இவ்வினாக்களுக்கு அஞ்சா. பறவையைச் சேர்த்தல், வளையத்தை அழித்தல், வானத்தை மாற்றுதல் ஆகியவை அஞ்சும். கற்பனைப் படம் செய்ய விரும்புவோர் தாராளமாகச் செய்க. ஆனால் அதனைக் கற்பனை என்றே அறிவித்தல் வேண்டும். கதை எழுதுவோரை நாம் பொய்யர் என்பதில்லை. கதையைச் செய்தி என்று விற்பவரைத்தான் பொய்யர் என்கிறோம்.

'ஒரு பறவையின் படத்திற்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு?' என்று சிலர் வினவலாம். கரைப் பறவைகளுக்கு வாக்குரிமை இல்லை. அவை வாழும் சேற்று நிலம் பலர் கண்ணுக்குப் பயனற்ற வெளியாகத் தோன்றுகிறது. அதனை நிரப்பவும் வளைக்கவும் எண்ணுவோர் எங்கும் உளர். அந்நிலத்தின் சார்பில் சான்று கூற வல்லவற்றுள் ஒன்று, அங்கே எடுத்த உண்மையான படம். சாட்சி ஒரு முறை பொய் கூறியது வெளிப்பட்டால், பின்னர் அவன் கூறும் மெய்யையும் மன்றம் நம்பாது. படங்கள் பொய்யாகுமாயின், நாளை உண்மையான படத்தைக் காட்டி, 'இந்நிலம் பறவைகளுக்கு உரியது' என்று வாதாடுவோர் எள்ளி நகையாடப்படுவர். இழப்பு அப்போது பறவைக்கே நேரும்.

மாணவர்களே! உங்களிற் பலர் வீட்டில் காமிராவுடன் கூடிய கைப்பேசி இருக்கிறது. ஏரிக்கரைக்கோ கடற்கரைக்கோ செல்லும்போது, பறவையைக் கண்டவுடன் அதனை நோக்கி ஓடாதீர்கள். சற்று அமருங்கள். அது என்ன செய்கிறது என்று பாருங்கள். அது தலையை உயர்த்தி உங்களை உற்று நோக்குமாயின், நீங்கள் போதிய அளவு நெருங்கிவிட்டீர்கள் என்று அறிந்து அங்கேயே நின்றுவிடுங்கள். படம் சிறிதாக விழுந்தாலும், சற்று மங்கினாலும் கவலை வேண்டா. இடமும் நாளும் குறித்து வைத்த மங்கலான மெய்ப்படம், ஒளி வீசும் பொய்ப்படத்தினும் ஆயிரம் மடங்கு மேலானது. நீங்கள் எழுந்து திரும்பும்போது பறவை தன் இரையை விடாது தேடிக்கொண்டிருக்குமானால், நீங்கள் நல்ல புகைப்படக் கலைஞர்.